பொழுது சாய்ந்தபின் பார்த்தவர்கள்

டுலூத், மினசோட்டா
ஜனவரி 9, 2025

ரோலண்ட்,

மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். பதில் இல்லை. தாளில் எழுதினால் உறையையாவது கிழித்தாக வேண்டும், அதனால் இது.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்காக, நம் நிற நினைவுச் சோதனையில் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியவர்களின் படிவங்களை எடுத்தேன். மொத்தம் ஒன்பது. அதில் ஒன்று லோர்னா டுசெட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். 2021 டிசம்பரில் வந்தார். “அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை, விவாதிக்கிறார்” என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவரே பென்சிலால் எழுதியிருப்பதை நீ வாசித்தாயா, தெரியவில்லை. நான் வாசித்திருக்கவில்லை.

“நேற்று காட்டிய பள்ளிப் பேருந்து ஆரஞ்சு. இன்று அதையே நிறச் சக்கரத்தில் தேடி வைத்தால் அது பள்ளிப் பேருந்தின் நிறமே இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நினைவு மாறவில்லை. உங்கள் படம் மாறியிருக்கிறது.”

படித்துவிட்டு அந்த அறைக்குப் போனேன். நாம் சோதனை நடத்திய அதே அறை, அதே கணினி, யாரும் தொடவில்லை. மதியம் மூன்று மணி. நம் அறுபது பொருள்களையும் ஓடவிட்டேன். கெட்டில், குடை, ஸ்டேப்ளர், பனி அள்ளும் மண்வெட்டி. எல்லாம் சரியாக இருந்தன. அங்கேயே உட்கார்ந்து ஒரு ஆப்பிள் தின்றேன். நாலரை மணிக்கு வெளியே வெளிச்சம் போனது. திரை மெல்ல மஞ்சளாகியது.

அந்த வசதி உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் நீலத்தைக் குறைத்து, கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும். விடிந்ததும் பழையபடி ஆகிவிடும். அது முடுக்கி வைக்கப்பட்டிருந்தது, ரோலண்ட்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. மாலையில் பொருள்களைக் காட்டினோம். மறுநாள் காலை, நினைவில் இருக்கும் நிறத்தைச் சக்கரத்தில் வைக்கச் சொன்னோம். பெரும்பாலோர் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். அன்றாடப் பொருள்களின் நிறத்தை நினைவு ஓர் இரவில் சாய்த்துவிடுகிறது என்று எழுதினோம். அதன் பேரில் உனக்கு வேலை கிடைத்தது. அதன் பேரில்தான் ஏப்ரலில் எனக்குப் பட்டம்.

திரையின் நிறத்தை நீ ஒவ்வொரு திங்கட்கிழமையும் கருவி வைத்து அளந்தாய். எப்போதும் நண்பகலில்.

பதில் போடு.

ஐலா


டூசான், அரிசோனா
ஜனவரி 17

ஐலா நீமி,

உறையைக் கிழித்தேன். திருப்திதானே?

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு இது இரண்டாம் வருடம். மார்ச்சில் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று குழு கூடுகிறது. பல்கலைக்கழக அஞ்சலில் எழுதுவதெல்லாம் பல்கலைக்கழகத்தின் சொத்து. நீ தலைப்பிலேயே “நம் கட்டுரை தவறு” என்று போடுகிறாய். கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரு பேருந்து ஓட்டுநரின் பென்சில் குறிப்பு. 2025-ல் ஒரு மாலை நீ பார்த்த திரை. இந்த இரண்டையும் வைத்து 2021-ல் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்கிறாய்? நடுவில் எத்தனை பேர் அந்த அறைக்குள் வந்து போயிருப்பார்கள். சோதனைகள் முடிந்த பிறகு யாரோ அதை முடுக்கியிருக்கலாம்.

அப்படியே இருந்தாலும் ஓர் அடிக்குறிப்பு போதும். “காட்சித் திரையின் மாலை நேர அமைப்பு சில அமர்வுகளைப் பாதித்திருக்கலாம்.” இதைவிட மோசமான அடிக்குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆய்வேட்டைச் சமர்ப்பி. நீ சோர்ந்திருக்கிறாய். ஜனவரியில் அந்த ஊரில் சோர்வடையாதவர் யார்? இங்கே நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரோலண்ட்


டுலூத்
ஜனவரி 24

ரோலண்ட்,

சோர்வில்லை. கணக்குப் போட்டேன்.

ஒவ்வொரு அமர்வின் தொடக்க நேரமும் பதிவில் இருக்கிறது. அந்தந்த நாளில் சூரியன் மறைந்த நேரத்தையும் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சூரியன் மறையும் முன் பார்த்தவர்கள் நிறத்தை எங்கும் சாய்க்கவில்லை. மறைந்த பின் பார்த்தவர்கள் அறுபத்தேழு பேர். அறுபத்தேழு பேரும் சாய்த்திருக்கிறார்கள். கத்தியால் கோடு கிழித்த மாதிரி.

2022 ஜனவரி 14-ஐ மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒருவர் நாலரைக்கு உட்கார்ந்தார். நாலே முக்கால் சுமாருக்குச் சூரியன் போயிற்று. முதல் இருபத்திரண்டு பொருள்களும் மறுநாள் அவர் நினைவில் நம் படத்தில் உள்ளபடியே இருந்தன. இருபத்து மூன்றாவது தெர்மாஸ் குடுவை. அங்கிருந்து கடைசி வரை எல்லாம் மஞ்சள் பக்கம். ஒரே ஆள், ஒரே மூளை, ஒரே இரவு. ஆகவே அன்றைக்கே அது முடுக்கப்பட்டிருந்தது. பிறகு வந்த யாரும் முடுக்கியதில்லை.

நாம் இதைப் பார்த்திருக்க வேண்டும். கோடையில் செய்த குழுவில் எந்தச் சாய்வும் வரவில்லையே, நினைவிருக்கிறதா? கோடையில் இங்கே ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். அது நமக்குத் தோன்றவில்லை. அதற்கு நீ ஒரு பத்தி எழுதினாய். குளிர்காலத்தில் மனித நினைவு வெதுவெதுப்பைத் தேடுகிறது என்று. பத்திரிகைகள் எடுத்துப் போட்டது அந்தப் பத்தியைத்தான். எனக்கும் அது பிடித்திருந்தது. பிரதி எடுத்து என் அக்காவுக்கு அனுப்பினேன்.

அந்த அறுபத்தேழு பேரின் நினைவில் எந்தக் கோளாறும் இல்லை. பார்த்ததை அப்படியே நினைவில் வைத்திருந்தார்கள். நாம் அதைப் பிழை என்று அளந்தோம்.

அடிக்குறிப்பு போதாது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இதழுக்கு எழுதிக் கேட்டேன், பெயர் சொல்லாமல். எழுதிய எல்லோரும் கையெழுத்திட்டால் ஒரு மாதத்தில் முடியுமாம். ஒருவர் மறுத்தால் விசாரணை, ஒரு வருடமாவது ஆகும். எழுதியவர்கள் நாம் இருவர்தான்.

உன் கையெழுத்து வேண்டும்.

ஐலா


டூசான்
பிப்ரவரி 3

ஐலா,

கணக்கைப் பார்த்தேன். இரண்டு முறை நானும் போட்டேன். சரி.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ ஒரு கடிதத்திலும் இதைத் தொடவில்லை. அதை முடுக்கியது யார்?

எனக்கு நினைவிருக்கிறது. நவம்பர். சோதனைகள் தொடங்கிய முதல் வாரம். நான் கதவருகே நிற்கிறேன். நீ அந்தக் கணினியின் முன்னால், உன் சிவப்பு ஸ்வெட்டரில், முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாய். “கண்ணு எரியுது, திரையை மஞ்சளாக்கிட்டேன்”னு சொன்னாய். நான் “ம்” என்றேன். எதையும் யோசிக்காமல் ஒரு “ம்”. அது என் தவறு. ஆனால் முடுக்கியது நான் இல்லை.

நான் இதை இத்தனை நாள் சொல்லவில்லை, உன்னைக் காப்பாற்றலாம் என்றுதான். நீயோ கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு என் வேலையைக் கேட்கிறாய். என்னைக் குழுவின் முன் நிறுத்தி, ஏன் திரும்பப் பெற்றாய் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல? திரை மஞ்சளாயிற்று என்றா? இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் அந்தக் குளிர்காலப் பத்தியை மேடையில் வாசித்திருக்கிறேன்.

கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் அதில் யார் என்று எழுது.

ரோலண்ட்


டுலூத்
பிப்ரவரி 11

ரோலண்ட்,

உன் கடிதத்தை இரண்டு நாள் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நீ சொல்வது சரிதான். எனக்கும் நினைவு வருகிறது. அந்த வாரம் கண் எரிந்தது. அமைப்புகளுக்குள் போனேன். அந்தப் பொத்தானைத் தள்ளினேன், அது ஆரஞ்சாகியது. எழுதும்போதே தெளிவாகத் தெரிகிறது. நீ கதவருகே நின்றதும்.

இத்தனை வாரமாக உன்னைத் துரத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஸ்ட்ராண்டிடம் போய்ச் சொன்னேன். என் வழிகாட்டி என்ற முறையில் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. “ஏப்ரல் பதினொண்ணு உன் தேர்வு. பன்னெண்டாம் தேதி வந்து இதைச் சொல்லு. இன்னிக்கு நீ என் ரூமுக்கே வரலை, சரியா?” என்றார். நான் வந்திருக்கிறேன் என்றேன். “ஐலா, உனக்கு முப்பத்தொரு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் இங்க உக்காரணுமா?” என்றார். அது கேள்வி இல்லை. கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி விண்ணப்பித்துவிட்டேன். ஆய்வேட்டின் ஐந்து இயல்களில் மூன்று போயிற்று.

திரும்பப் பெறும் படிவத்தை இணைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். இதில் கையெழுத்திடு. போதும்.

ஐலா


டூசான்
பிப்ரவரி 20

ஐலா,

நன்றி. இது எளிதில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். “எழுதியவர்களில் ஒருவரான ஐலா நீமி” என்பது குழப்பம் தரும். “தரவு சேகரித்த மாணவியின் கவனக்குறைவால்” என்று மாற்றினேன். இதழ்களில் இதுதான் வழக்கம்.

கையெழுத்திட்டு வைத்துவிட்டேன். குழு மார்ச் 14-ல் கூடுகிறது. 15-ஆம் தேதி அஞ்சலில் சேர்க்கிறேன். மூன்று வாரத்தில் எதுவும் கெட்டுவிடாது.

ரோலண்ட்


டுலூத்
மார்ச் 1

ரோலண்ட் பீச்சம்,

அந்தப் படிவத்தை அனுப்பாதே. கிழித்துப் போடு.

ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட்னியிடம் போனேன். உன் திருத்தத்தில் “மாணவியின்” என்று வந்ததும், எந்தத் தேதியில் முடுக்கினேன் என்றாவது துல்லியமாக எழுதலாம் என்று தோன்றியது. அவள் அந்தக் கணினியின் பழைய காப்புப் பிரதிகளைத் திறந்தாள். “நவம்பர்னு சொன்னே. அக்டோபர்லயும் இருக்கு. செப்டம்பர்லயும் இருக்கு” என்று பின்னால் பின்னால் போனாள். இருப்பதிலேயே பழையது 2021 ஆகஸ்ட் 12. அதிலும் முடுக்கியே இருக்கிறது.

அந்த ஆகஸ்டில் நான் மினியாபொலிஸில் ஒரு கடையில் திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது செப்டம்பர் 20. ஆகஸ்டில் அந்த அறையின் சாவி ஒருவரிடம்தான் இருந்தது.

இப்போது என் நினைவைப் பார்ப்போம். பொத்தானைத் தள்ளினேன், ஆரஞ்சாகியது என்று எழுதினேன், இல்லையா? போய்ப் பார்த்தேன். அந்தக் கணினியில் பொத்தானே கிடையாது. சாம்பல் நிறத்தில் எழுத்துகள், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு குறி. ஆரஞ்சுப் பொத்தான் இருப்பது என் கைபேசியில். அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறேன். நீ சொன்ன பிறகு.

உன் சிவப்பு ஸ்வெட்டர். அதை நான் வாங்கியது இரண்டாவது குளிர்காலத்தில், தேவாலய விற்பனையில். முதல் நவம்பரில் எடுத்த ஆய்வகப் புகைப்படம் இன்னும் நடைவழியில் தொங்குகிறது. நான் சாம்பல் நிற மேல்சட்டையில் இருக்கிறேன்.

நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. அது எளிதாக இருந்திருக்கும். சிவப்பு இருந்ததால் நீ நம்பினாய். ஆரஞ்சு இருந்ததால் நான் நம்பினேன். நிறத்தோடு வருவது நடந்ததாகத்தான் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றியது. இதையே தொழிலாக வைத்திருக்கும் இரண்டு பேருக்கு.

ஆனால் “கவனக்குறைவு” என்ற சொல் நினைவுக் கோளாறில் வந்ததில்லை. அதை நீ உட்கார்ந்து யோசித்து எழுதினாய்.

லோர்னா டுசெட்டைத் தொலைபேசியில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். “நான் அன்னிக்கே சொன்னேனே, கண்ணு. ஒல்லியா ஒருத்தர் தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டாரு. என் பஸ்ல ஏறுற பசங்களும் அப்படித்தான் தலையாட்டுவாங்க” என்றார்.

புதிய படிவம் உள்ளே இருக்கிறது. காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ எழுது. 15-ஆம் தேதி வரை காத்திருக்க மாட்டேன். பத்தாம் தேதிக்குள் வராவிட்டால் இதழுக்கு நான் தனியாக எழுதுவேன். விசாரணை வரட்டும்.

ஐலா நீமி


டூசான்
மார்ச் 8

ஐலா,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்.

அந்த ஆகஸ்டை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் ஆய்வேட்டை அந்த அறையில்தான் முடித்தேன். மாலைகளில். கண் எரிந்திருக்கும். முடுக்கியிருப்பேன். “இருப்பேன்” என்றுதான் எழுத முடிகிறது. ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நிறம்கூட இல்லை. ஆனால் நடக்காத அந்த நவம்பர் மட்டும் இன்னும் இருக்கிறது. ஸ்வெட்டரின் கையில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. புகைப்படத்தைப் பற்றி நீ எழுதியதை வாசித்த பிறகும்.

காரணம் என்ற இடத்தில் எழுதியது இது: “முதல் ஆசிரியர் ரோலண்ட் பீச்சம், சோதனை தொடங்கும் முன்பே கணினியின் மாலைத் திரை வசதியை முடுக்கியிருந்தார். ஒவ்வொரு வாரமும் திரையை அளந்தபோது ஒருமுறைகூட மாலையில் அளக்கவில்லை.”

துறைத் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு ஜன்னலை மூடினார். “அடுத்த வாரம் குழு கூடுது. இன்னிக்கு எதுக்கு இதை என்கிட்ட கொடுக்கிறே?” என்றார். சொல்ல முயன்றேன். நன்றாக வரவில்லை.

“கவனக்குறைவு” என்ற அந்தச் சொல்லைப் பற்றி: ஆம். உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதினேன்.

ரோலண்ட்


டுலூத்
ஏப்ரல் 22

ரோலண்ட்,

அறிவிப்பு வந்துவிட்டது. பார்த்திருப்பாய். இரண்டு வரி. “காட்சிக் கருவியின் அமைப்பில் ஏற்பட்ட பிழை காரணமாக, ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி.” உன் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் சேர்த்திருந்த ஒரு வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்கள். பங்கேற்றவர்களின் நினைவு துல்லியமாக இருந்தது என்ற வாக்கியம். தேவையில்லை என்றார் இதழாசிரியர். வாசகர்களே ஊகித்துக்கொள்வார்களாம்.

அதனால் அறுபத்தேழு பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அனுமதி கேட்டேன். அறநெறிக் குழு இரண்டு வாரம் இழுத்துக் கொடுத்தது. முதலில் தொலைபேசியில் முகவரியைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். முப்பதாவது அழைப்பு வரை எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கு நம்மையே நினைவில்லை.

முப்பத்தொன்றாவது ஹார்லன் ஓஸ்ட்பி. ஓய்வுபெற்ற தபால்காரர். எடுத்தது அவர் மனைவி மேவிஸ். விஷயத்தைச் சொன்னேன். மேவிஸ் சொன்னார்: “அவருக்கு ஞாபகம் போகுதுன்னு நீங்கதானம்மா காட்டினீங்க. அந்த மார்க்கை. மூணு வருஷமா கார் சாவி என்கிட்டதான் இருக்கு.”

சோதனை முடிந்ததும் மதிப்பெண்ணைத் திரையில் காட்டினோமே, எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று. அவர் பதிவை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்குப் பதினெட்டு. எல்லோரையும்விடக் குறைவு. ரோலண்ட், அது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரை காட்டிய மஞ்சளை எவர் எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்தாரோ, அவருக்கு அவ்வளவு குறைவாகப் போட்டோம். அவரைப் போல ஒருவரும் வைத்திருக்கவில்லை.

அவர் மருத்துவரிடம் போயிருக்கிறார். வயதுக்கு ஏற்ற மறதிதான் என்று அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் பல்கலைக்கழகம் எண்ணாகவே காட்டிவிட்டதே. எண்ணைத்தான் நம்பியிருக்கிறார். காரை விட்டார். சீட்டாட்டத்தை விட்டார். நண்பர்களின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வீட்டைவிட்டு வெளியே வருவதையும் விட்டார்.

அந்தப் பதிவில் சோதனை நடத்தியவர் என்று இருப்பது உன் பெயர். மற்ற அறுபத்தாறு பேருக்கு நான் எழுதிவிட்டேன். இவரிடம் நீ பேசு. எழுதாதே, பேசு. எண் கீழே. அறுபது பொருள்களும் அவர் வைத்த நிறங்களும் உள்ள அவருடைய பதிவின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

என் தேர்வு அடுத்த வருடம் ஏப்ரலுக்குப் போயிற்று. ஸ்ட்ராண்ட் என்னைப் பார்த்தால் நல்ல நாளாகட்டும் என்கிறார், வேறு ஒன்றும் பேசுவதில்லை.

ஐலா


டூசான்
மே 6

ஐலா,

என்னை வைத்துக்கொள்ளவில்லை. ஜூன் முதல் இந்த முகவரி செல்லாது. கடிதம் அதைப் பற்றியது இல்லை.

நான்கு நாள் எண்ணை அழுத்தாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அழைத்தேன். அவரே எடுத்தார். யார் என்று சொன்னேன். “ஒல்லியா இருந்தீங்க. சோதனைக்கு வந்த அன்னிக்கு எனக்கு ஒரு பேனா கொடுத்தீங்க, எழுதலை” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். திரை, மாலை, மதிப்பெண். அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் பாதியில் கலைந்தன. உங்களைத்தான் கடைசியில் வைத்தோம், உங்களுடையதுதான் எல்லோரையும்விடத் துல்லியம் என்றேன். அவர் மகிழவில்லை. மகிழ்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போல.

“அப்போ இந்த மூணு வருஷம் நான் எதை மறந்தேன்?” என்றார்.

அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். நம்மிடமிருந்து போன நாள் முதல் தினமும் காலையில், முகம் மழிக்கும்போது, நாம் காட்டிய பொருள்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாராம், நிறத்தோடு. இன்றைக்கு எத்தனை போயிருக்கிறது என்று பார்க்க. எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று சரிபார்க்க அவரிடம் பட்டியல் இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் சில போய்விட்டதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள் என்றேன். நீ அனுப்பிய நகலை மேசையில் விரித்தேன்.

கெட்டில், பழுத்த ஆரஞ்சு என்றார். குடை, சேறு மாதிரி ஒரு பச்சை. ஸ்டேப்ளர், வெள்ளை இல்லை, பாலாடை நிறம். மண்வெட்டி. அஞ்சல் பெட்டி. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விடுவது கேட்டது. நான் பென்சிலால் குறியிட்டுக்கொண்டே போனேன். நம் படங்களின் நிறத்தை அவர் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபின் அந்தத் திரையில் இருந்த நிறத்தைச் சொன்னார்.

அறுபதும் சொன்னார். நான்கு பொருள்கள் இடம் மாறியிருந்தன. நிறம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

சொன்னேன். அறுபதும் சரி என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க” என்றார். இல்லை, பட்டியல் என் முன்னால் இருக்கிறது என்றேன். பின்னால் மேவிஸ் ஏதோ கேட்டார்.

“நீங்க அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டே இருங்க” என்றார் ஹார்லன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கெட்டில்.

ரோலண்ட்